ஏறிய விலையும் ஏற்றிய விலையும்

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் உங்களில் பலருக்குப் புதிதாக இருக்கலாம். உளி, இழைப்புளி, சவரக்கத்தி ஆகியவற்றைத் தீட்டுவதற்காக நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வெட்டியெடுத்த இயற்கைத் தீட்டுக்கற்கள் இப்போது இணைய ஏலங்களுக்கு வருகின்றன. கையடக்கமான ஒரு கல் பத்து டாலரில் தொடங்கிச் சில நூறு டாலரில் முடிவதும் உண்டு. ஏலத்தில் தோற்றவர்கள் அந்த விலையைப் பார்த்ததும், ‘இது தானாக ஏறிய விலை இல்லை, ஆள் விட்டு ஏற்றிய விலை’ என்கிறார்கள். அந்தச் சந்தேகத்துக்கு இடம் இருக்கிறது என்றே நானும் கருதுகிறேன். ஆனால் அது தவறான இடத்தில் தொடங்குகிறது. விலை எவ்வளவு உயரத்தில் முடிந்தது என்பது மோசடிக்குச் சான்றாகாது. அந்த உயரத்துக்கு விலை எந்த வழியில் வந்தது, யார் யார் கேட்டார்கள், எப்போது நிறுத்திக்கொண்டார்கள் என்பதில்தான் சான்று இருக்கிறது. அந்த வழியைப் பார்க்கும் வாய்ப்பை ஏலத்தளங்கள் வாங்குவோரிடமிருந்து பெருமளவு எடுத்துவிட்டன. அதைத் திருப்பித் தர வேண்டும் என்பதே என் வாதம்.

முதலில் கற்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவற்றின் இயல்பு தெரியாமல் அவற்றின் விலை புரியாது. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஹாட் ஸ்பிரிங்ஸ் நகரைச் சுற்றியுள்ள மலைகளில் நோவாகுலைட் என்ற பாறை கிடைக்கிறது. ஏறக்குறைய முழுவதும் நுண்படிகக் குவார்ட்ஸ் அது. அதில் இறுகிய வகையை ஆர்கன்சா கல் என்றும், சற்றே நுண்துளைகள் உள்ள, எஃகை வேகமாகத் தின்னும் வகையை வாஷிட்டா கல் என்றும் அழைப்பார்கள். நியூ ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த பைக் நிறுவனம் வாஷிட்டாவைத் தரம் பிரித்து, உயர்ந்த தரத்துக்கு ‘லில்லி ஒயிட்’ என்று பெயரிட்டு, சீட்டு ஒட்டி விற்றது. அந்த நிறுவனம் 1932இல் நார்ட்டன் நிறுவனத்தின் கைக்குப் போனது. இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரிலிருந்து சார்ன்லி ஃபாரஸ்ட் கல், ஜெர்மனியின் துரிங்கியா பகுதியிலிருந்து எஷர் என்ற வணிகப்பெயரில் வந்த சவரக்கத்திக் கல், பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் கார்னெட் மணிகள் நிறைந்த மஞ்சள் நிறக் கோட்டிக்கியூல், ஜப்பானில் கியோட்டோவை ஒட்டிய நாகயாமா சுரங்கத்துக் கல் என்று இந்தக் குடும்பம் பெரியது. 1891இல் எட்வர்ட் அச்சிசன் சிலிக்கான் கார்பைடைச் செயற்கையாக உண்டாக்கிய பிறகு, சீரான தரமும் குறைந்த விலையும் கொண்ட கற்களை ஆலையிலேயே செய்ய முடிந்தது. இயற்கைக் கல்லின் சந்தை சுருங்கியது. பல சுரங்கங்கள் மூடப்பட்டன. கோட்டிக்கியூல் போன்ற சில மட்டும் இன்றும் வெட்டப்படுகின்றன. ஆக, பழைய கற்களின் இருப்பு இனிப் பெருகப்போவதில்லை. அவை செய்யும் வேலையை மலிவான செயற்கைக் கல்லும் செய்துவிடும். எனவே அவற்றின் விலை பயனை மட்டும் சார்ந்து நிற்பதில்லை. அருமை, பெயர், ஒட்டிய சீட்டு கிழியாமல் இருக்கிறதா என்பது போன்றவற்றின்மேல் நிற்கிறது.

இப்படிப்பட்ட பொருளுக்கு நேர்மையான ஏலத்திலேயே வியப்பூட்டும் விலை வர முடியும். ஏலத்தில் விலை உயர நூறு பேர் வேண்டியதில்லை. விடாப்பிடியான இருவர் போதும். கைச்சவரக்கத்திக்குத் திரும்பியவர்களும், மின்கருவிகளை விட்டுக் கைக்கருவிகளால் தச்சு செய்வோரும், சேகரிப்பவர்களும் உலகெங்கும் சிதறிக் கிடக்கிறார்கள். அவர்களை ஒரே திரைக்கு முன் கொண்டுவந்து நிறுத்தியது இணையம். முன்பு ஓர் ஊரின் பழம்பொருள் கடையில் இரண்டு டாலருக்குக் கிடந்த கல்லுக்கு இப்போது மூன்று கண்டங்களிலிருந்து கேட்க ஆள் இருக்கிறது. இன்னொரு காரணத்தை மாக்ஸ் பேசர்மன், வில்லியம் சாமுவேல்சன் ஆகியோர் 1983இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பாஸ்டன் பல்கலைக்கழக மேலாண்மை மாணவர்களிடம் எட்டு டாலர் மதிப்புள்ள நாணயங்களையும் பொருட்களையும் ஜாடிகளில் இட்டு ஏலம் விட்டார்கள். மாணவர்களின் சராசரி மதிப்பீடு 5.13 டாலர், உண்மையைவிடக் குறைவு. ஆனால் வென்றவர்கள் கொடுத்த சராசரித் தொகை 10.01 டாலர். பொருளின் மதிப்பு யாருக்கும் சரியாகத் தெரியாதபோது, மிக அதிகமாக மதித்துவிட்டவரே வெல்கிறார். அந்த அறையில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. படத்தில் மட்டும் பார்த்து வாங்கும் பழங்கல் அந்த ஜாடியைவிட மங்கலான பொருள். ஆகவே ‘இந்த விலை அறிவுக்குப் பொருந்தவில்லை, எனவே மோசடி’ என்ற முடிவை நாம் ஏற்க முடியாது. அப்படிச் சொல்வது நேர்மையான விற்பனையாளர்மேல் பழி போடுவதாகும்.

ஆனால் நேர்மையான உயர்விலைக்கு இடம்கொடுக்கும் அதே இயல்புகள்தாம் மோசடிக்கும் வாகான நிலமாகின்றன. சார்ன்லி ஃபாரஸ்ட் கல் பெரும்பாலும் சீட்டு இல்லாமல்தான் கிடைக்கும். பச்சை நிறத்தையும் அதில் ஓடும் சிவந்த கோடுகளையும் வைத்து ஊகிக்க வேண்டும். எண்ணெய் ஊறிக் கறுத்த ஒரு கல் வாஷிட்டாவா, வேறு ஏதாவதா என்பதைக் கையில் எடுத்துத் தீட்டிப் பார்க்காமல் உறுதியாகச் சொல்வது கடினம். இரண்டு கல் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆகவே கடைவிலை என்று ஒன்று கிடையாது. இந்த நிலையில் வாங்குபவர் எதைப் பிடித்துக்கொண்டு தன் வரம்பைத் தீர்மானிப்பார்? போன மாதம் இதுபோன்ற கல் எவ்வளவுக்குப் போனது என்று பார்ப்பார். இப்போது எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று பார்ப்பார். இந்த இரண்டையும் விற்பவரே பொய்யாக உண்டாக்க முடியும். தங்கத்துக்கோ கச்சா எண்ணெய்க்கோ ஒரு பொய்க் கேட்பால் விலையை அசைக்க முடியாது. ஆண்டுக்குச் சிலவே விற்பனைக்கு வரும் பொருளுக்கு ஒரே ஒரு பொய்க் கணக்கு போதும்.

அது எப்படி நடக்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். ஈபே போன்ற தளங்களில் நாம் தொகையைப் படிப்படியாகக் கூவுவதில்லை. நம் உச்ச வரம்பை இரகசியமாகத் தளத்திடம் கொடுத்துவிடுகிறோம். நமக்காக அதுவே, தேவையான அளவு மட்டும், ஏற்றிக் கேட்கிறது. இதன் அடிப்படைக் கருத்தை 1961இல் கட்டுரையாக எழுதியவர் வில்லியம் விக்ரி. 1996இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர். வெல்பவர் தன் தொகையைக் கொடுக்காமல் இரண்டாவதாக வந்தவரின் தொகையை ஒட்டியே கொடுப்பதாக இருந்தால், மனத்திலுள்ள உண்மையான மதிப்பை ஒளிக்காமல் சொல்வதே எல்லோருக்கும் நல்லது என்று அவர் காட்டினார். இப்போது ஒரு கணக்கு. ஒரு லில்லி ஒயிட் கல்லுக்கு ஒருவர் 180 டாலர் வரம்பு கொடுக்கிறார். உண்மையான அடுத்த போட்டியாளர் 95 வரை வருகிறார். ஏற்றப்படி, அதாவது ஒரு முறை விலை ஏற வேண்டிய அளவு, ஒரு டாலர் என்றால் விலை 96இல் நிற்கும். அங்கே ஏலம் முடிந்தால் வென்றவர் 96 கொடுத்து வாங்கிப்போவார். விற்பவரின் மறைமுக ஆள் இப்போது நுழைகிறார். 110 கேட்கிறார், இந்த உயரத்தில் ஏற்றப்படி இரண்டரை டாலர் என்பதால் விலை 112.50 ஆகிறது. 130 கேட்கிறார், 132.50. 150 கேட்கிறார், 152.50. அடுத்து 179 கேட்கிறார். வழக்கப்படி 181.50 ஆக வேண்டிய விலை 180இல் நின்றுவிடுகிறது. முழுப் படி ஏறவில்லை. எதிராளியின் வரம்பு 180தான் என்று அந்த நொடியில் அவருக்குத் தெரிந்துவிடுகிறது; கையை எடுத்துக்கொள்கிறார். 96 டாலருக்கு வர வேண்டிய கல் 180 டாலருக்குப் போகிறது. வாங்கியவர் நம்பித் தளத்திடம் ஒப்படைத்த இரகசியத்தை விற்பவர் கடைசிக் காசு வரை உறிஞ்சிவிட்டார். ஜோசப் எங்கல்பெர்க், ஜாரெட் வில்லியம்ஸ் ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வு இந்த முறையைத்தான் விளக்கியது: தேடிக் கண்டுபிடி, கண்டதும் நில்.

இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு வருகிறது. பலர் எதைச் சந்தேகிக்கிறார்கள்? ஏலம் முடியக் கடைசி நொடிகளில் விலை திடீரென்று எகிறினால் சந்தேகிக்கிறார்கள். பெரிய வெற்றித்தொகையைக் கண்டு சந்தேகிக்கிறார்கள். ஆனால் கடைசி நொடிக் கேட்பு பெரும்பாலும் நேர்மையான வாங்குபவரின் தற்காப்பு. ஆல்வின் ராத், ஆக்சல் ஆக்கன்ஃபெல்ஸ் ஆகியோர் 2002இல் இதை ஆராய்ந்தார்கள். குறித்த நேரத்தில் கண்டிப்பாக முடியும் ஈபே ஏலங்களில் கடைசி நேரக் கேட்பு மிகுதியாகவும், கேட்பு வரவர நேரம் நீளும் அமேசான் ஏலங்களில் குறைவாகவும் இருந்தது. நேரம் முடியும் தறுவாயில் கேட்டால், வரம்பைத் துழாவ யாருக்கும் அவகாசம் இருக்காது. மறைமுக ஆளோ அந்த ஆபத்தான கடைசி நேரத்தை விரும்புவதில்லை. தவறி அவரே வென்றுவிட்டால் விற்பனை கெட்டுவிடும். ஆஸ்திரேலியாவின் ஜாரட் டிரெவாதன், வெய்ன் ரீட் ஆகியோர் மறைமுக ஆளைக் கணக்கிட்டுக் கண்டறிய ஒரு மதிப்பெண் முறையை வகுத்தபோது, இந்த நடத்தையையே அடிப்படையாக எடுத்துக்கொண்டார்கள். ஒரே விற்பனையாளரின் ஏலங்களில் திரும்பத் திரும்ப வருவார், நிறையக் கேட்பார், சிறு சிறு தொகையாக ஏற்றுவார், பிறர் கேட்டவுடன் விரைந்து மேலே கேட்பார், முடிவு நெருங்கும் முன்பே நின்றுவிடுவார், ஏறக்குறைய எப்போதும் தோற்பார். இவற்றில் எந்த ஒன்றும் தனியாகக் குற்றத்தை நிறுவாது. குறிப்பிட்ட ஒரு கடைக்காரரின் கற்களை விரும்பிக் கேட்டுக் கேட்டுத் தோற்கும் ஏழைச் சேகரிப்பாளரும் இருக்கலாம். எல்லாம் ஒரே கணக்கில், பல ஏலங்களில், சேர்ந்து வரும்போதுதான் அது சான்றின் எடையைப் பெறுகிறது. அந்தச் சேர்க்கையை ஒரே ஓர் ஏலத்தைப் பார்த்து யாராலும் காண முடியாது.

இது வெறும் ஊகம் இல்லை என்பதற்கு 2000ஆம் ஆண்டு நடந்த ஒரு நிகழ்வு போதும். கலிபோர்னியாவைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவர் ஓர் ஓவியத்தை 25 சென்ட் தொடக்க விலையில் ஈபேயில் இட்டார். ஓவியர் யாரென்று அவர் சொல்லவில்லை. படத்தில் தெரிந்த எழுத்துக்களைப் பார்த்தவர்கள், புகழ்பெற்ற ரிச்சர்ட் டீபன்கார்னின் படைப்பு என்று தாங்களே எண்ணிக்கொண்டார்கள். விலை 1,35,805 டாலருக்குப் போனது. விற்றவரே தன் ஓவியத்துக்குக் கேட்டிருந்தார் என்பது வெளிப்பட்டதும் தளம் அந்த விற்பனையை ரத்து செய்தது. அடுத்த ஆண்டு அவர் உட்பட மூவர்மேல் அமெரிக்க மத்திய அரசு வழக்குத் தொடுத்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட பயனர் பெயர்களை வைத்துக்கொண்டு ஒருவர் பொருளுக்கு மற்றவர் கேட்டு, நூற்றுக்கணக்கான ஏலங்களில் விலை ஏற்றியிருந்தார்கள். அந்த ஓவியத்தின் இடத்தில் சீட்டு இல்லாத ஒரு பழங்கல்லை வைத்துப் பாருங்கள். விற்பவர் எதையும் உறுதியாகச் சொல்லாமல் இருப்பதும், வாங்குபவர் தன் ஆசையால் இடைவெளியை நிரப்பிக்கொள்வதும், பிறர் கேட்பதைக் கண்டு அந்த ஆசை உறுதிப்படுவதும் அப்படியே பொருந்துகின்றன. தொகை சிறியது என்பதால் கல்லுக்காக மத்திய அரசு வழக்குத் தொடுக்காது, வேறுபாடு அவ்வளவுதான்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். ‘180 டாலர் கொடுக்கத் தயார் என்று அவர்தானே சொன்னார்? 180க்கே வாங்கினார். அவருக்கு என்ன நட்டம்?’ இந்த வாதம் முதல் பார்வையில் மறுக்க முடியாததுபோல் தோன்றும். ஆனால் அவர் அந்த எண்ணைச் சொன்னது ஒரு நிபந்தனையின் பேரில்: உண்மையான போட்டி இருந்தால் மட்டுமே அதுவரை போகலாம் என்பதே அந்த நிபந்தனை. போட்டி பொய்யானால் நிபந்தனை மீறப்பட்டது. 84 டாலர் அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. மேலும், அந்த 180 என்ற எண்ணே எங்கிருந்து வந்தது? ராபர்ட் காஃப்மன், சார்லஸ் வுட் ஆகியோர் அரிய நாணயங்களின் இணைய ஏலங்களை ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட கட்டுரையில், ஐயத்துக்குரிய கேட்புகள் இடம்பெற்ற ஏலங்களில் மற்றவர்களும் கூடுதலாகக் கேட்டார்கள் என்று கண்டார்கள். மதிப்பு தெளிவாகத் தெரியாத பொருளில், பிறர் கேட்பதையே நாம் தகவலாக எடுத்துக்கொள்கிறோம். பொய்க் கேட்பு நம் வரம்பைத் துழாவுவதோடு நிற்காமல் அந்த வரம்பையே உயர்த்திவிடுகிறது. அடுத்து வருவதுதான் எனக்குப் பெருங்கவலை. அந்த 180 டாலர் ஏலம் முடிந்த பிறகும் மறைவதில்லை. முடிந்த ஏலங்களின் பட்டியலில் அது விலையாக நிற்கிறது. அடுத்த வாங்குபவர் அதைப் பார்க்கிறார். அடுத்த விற்பவரும், நேர்மையானவர்கூட, அதைப் பார்த்துத் தன் கல்லுக்கு விலை வைக்கிறார். மறைமுக ஆள் தவறி வென்று, பணம் கைமாறாமல் போன ஏலமும் சில நேரம் விலைச் சான்றாக எண்ணப்பட்டுவிடுகிறது. கடைவிலை இல்லாத பொருளுக்கு அந்தப் பட்டியல்தான் பொது அறிவு. அதில் ஒரு பொய் எண்ணைச் சேர்ப்பவர் முகம் தெரியாத பலரை ஒரே நேரத்தில் ஏமாற்றுகிறார்.

‘விற்பவர் தன் பொருள் அடிமாட்டு விலைக்குப் போகாமல் காக்கக் கூடாதா?’ என்பது இன்னொரு மறுப்பு. தாராளமாகக் காக்கலாம். தொடக்க விலையை உயர்த்தி வைக்கலாம். இதற்குக் கீழே தரமாட்டேன் என்று குறைந்தபட்ச விலை வைக்கலாம். இரண்டுமே வெளிப்படையானவை, வாங்குபவர் அறிந்து நுழைகிறார். மறைவாக ஆள் விடுவதில்தான் குற்றம். இதைச் சட்டம் இணையத்துக்கு நெடுங்காலம் முன்பே தெளிவாக்கியிருக்கிறது. 1776இல் இலண்டன் ஏலக்காரர் கிறிஸ்டி தொடர்பான ஒரு குதிரை விற்பனை வழக்கில், குறிப்பிட்ட தொகைக்குக் கீழே விற்கக் கூடாது என்ற தன் சொல் மீறப்பட்டதாக உரிமையாளர் முறையிட்டார். நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு, உரிமையாளருக்காக மறைவாக ஏலம் கேட்பது ஏலத்துக்கு வந்த மற்றவர்களை ஏமாற்றுவதாகும் என்று கூறி அந்த முறையீட்டைத் தள்ளினார். இந்தியாவின் 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64ஆம் பிரிவும் இதையே சொல்கிறது: விற்பவர் தாமும் கேட்கும் உரிமையை முன்கூட்டியே அறிவிக்காமல் தாமோ ஆள் வைத்தோ கேட்கக் கூடாது, பாசாங்குக் கேட்பால் விலை ஏற்றப்பட்டிருந்தால் விற்பனையை ரத்து செய்யும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. பிரிட்டனில் 2010இல், தன் பொருட்களுக்குத் தானே வேறு பெயரில் ஈபேயில் கேட்ட ஒருவர் பிராட்ஃபோர்டு நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார். சட்டத்தில் குறை இல்லை. வாங்கியவர் தன் உரிமையைப் பயன்படுத்த வேண்டுமானால் பாசாங்கு நடந்தது என்று காட்ட வேண்டும். காட்டுவதற்கான ஆவணம் அவர் கையில் இல்லை என்பதுதான் குறை.

அந்த ஆவணம் ஒருகாலத்தில் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. ஈபேயின் தொடக்க ஆண்டுகளில் கேட்டவர்களின் பயனர் பெயர் ஏலப் பக்கத்திலேயே இருந்தது. ஒரே பெயர் ஒரே விற்பனையாளரைச் சுற்றிச் சுற்றி வருவதை யார் வேண்டுமானாலும் தொடர்ந்து பார்க்க முடிந்தது. பின்னாளில் பெயரை மறைத்து, இரண்டு எழுத்துக்களுக்கு நடுவே நட்சத்திரக் குறிகளை மட்டும் காட்டத் தொடங்கினார்கள். அதற்குச் சொன்ன காரணம் பொய்யானதும் இல்லை. தோற்றவர்களின் பெயரைப் பார்த்து, ‘வென்றவர் விலகிவிட்டார், உங்களுக்கே தருகிறோம்’ என்று போலி மடல் அனுப்பிப் பணம் பறிக்கும் கும்பல்கள் இருந்தன. அந்தத் தீங்கைத் தடுக்க வேண்டியதுதான். ஆனால் அதற்கு மறைக்க வேண்டியது தொடர்பு கொள்ளும் வழியை. ஒருவருக்கு எல்லா ஏலங்களிலும் மாறாத ஓர் எண்ணைக் கொடுத்து, அந்த எண்ணுக்கு யாரும் மடல் அனுப்ப முடியாதபடி செய்தால் இரண்டு தீங்குகளும் அடைபடும். குறிப்பிட்ட விற்பனையாளரிடம் அவர் எத்தனை விழுக்காடு கேட்டிருக்கிறார், எத்தனை கேட்புகளைத் திரும்பப் பெற்றிருக்கிறார் என்ற முப்பது நாள் சுருக்கத்தை ஈபே காட்டிவந்திருக்கிறது. அது பயனுள்ளதுதான், ஆனால் போதாது. ஆண்டுக்கு ஐந்தாறு கற்களே விற்பவரிடம் நடக்கும் மோசடியை முப்பது நாள் சாளரம் காட்டாது. ‘நாங்களே கண்காணிக்கிறோம், வெளியார் பார்க்கத் தேவையில்லை’ என்று தளங்கள் சொல்லக்கூடும். இணைய முகவரி, பணம் செலுத்தும் கணக்கு போன்ற நம்மிடம் இல்லாத தகவல்கள் அவர்களிடம் இருப்பது உண்மை. ஆனால் விலை உயர உயரத் தரகும் உயர்வது தளத்துக்கே. தன் வருமானத்தை உயர்த்தும் குற்றத்தைத் தானே தேடிப் பிடிக்கும் பொறுப்பை ஒருவரிடம் மட்டும் விட்டுவிடுவது நல்ல ஏற்பாடு அல்ல. அவர் நேர்மையாளராகவே இருந்தாலும் அல்ல.

கடைசி நொடியில் கேட்டுத் தப்பித்துக்கொள்ளலாமே என்பார்கள் சிலர். அது தனியொருவரைக் காக்கும். ஆனால் எல்லோரும் கடைசி நொடிவரை வாய்மூடி இருந்தால், கற்களின் மதிப்பைப் பற்றி ஒருவர் மற்றவரிடமிருந்து அறிந்துகொள்ளும் வழி அடைபட்டுப்போகும். ஏலம் என்ற அமைப்பே எதற்காக இருக்கிறதோ அந்தப் பயன் குறையும். ஆகவே பழங்கல்லோ பழநாணயமோ ஏலத்தில் வாங்கும் ஒவ்வொருவரும் இரண்டு காரியம் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். விலை உயர்ந்தது என்பதற்காக மட்டும் யாரையும் மோசடிக்காரர் என்று சொல்லாதீர்கள். கேட்பு வரலாற்றைத் திறந்து, தோற்றவர்களின் நடத்தையைப் படித்து, சான்று சேர்ந்த பின் தளத்திடம் எழுத்தில் முறையிடுங்கள். முறையிடும்போது உங்கள் ஏலத்தோடு நிறுத்தாமல், கேட்பவர் ஒவ்வொருவருக்கும் மாறாத அடையாள எண் வேண்டும், ஓர் ஆண்டுக்காவது அதன் வரலாறு திறந்திருக்க வேண்டும், பணம் கைமாறாத ஏலங்கள் விலைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட வேண்டும் என்ற மூன்று கோரிக்கைகளையும் சேர்த்து எழுதுங்கள்.